எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

எங்கள் கிராமம் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு வேன் டிரைவர் இருக்கிறார். எல்லாரும் அவரை வேன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வேன்காரர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. இளவயதில் இரவு வகுப்பில் எழுத்துக் கற்றார். இன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஒரு பேனாவும் இருக்கும். அந்த நோட்டு எப்படி வந்தது என்பதைத்தான் இந்தப் பாடத்தில் சொல்லப் போகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. அவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் சின்னதாக இருந்தது. பிறகு பெரிதானது. சாப்பாடு விழுங்க முடியவில்லை. கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டர், "பெங்களூருக்குக் கூட்டிப் போங்கள். தாமதம் செய்யாதீர்கள்" என்றார். கடிதமும் கொடுத்தார்.

பெங்களூரில் ஓசூர் சாலையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே பெரிய டாக்டர் திங்கள், வியாழன் இரண்டு நாள்தான் பார்ப்பார். காலை 10 மணி வரைதான் சீட்டுக் கொடுப்பார்கள். அந்தத் திங்கட்கிழமை போவது என்று முடிவானது. வேன்காரர், பெரியம்மா, அவர் மகன், மருமகள். துணைக்கு நானும் போனேன்.

"எத்தனை மணிக்குக் கிளம்பலாம்ணா?" என்று மகன் கேட்டார்.

"மொத்தம் 95 கிலோமீட்டர். நல்ல ரோடு. இரண்டு மணி நேரம் போதும் தம்பி. ஆறரைக்குக் கிளம்பினால் எட்டரைக்கு ஆஸ்பத்திரி" என்றார் வேன்காரர்.

காலை 6.30 மணிக்குக் கிளம்பினோம். ஓசூர் வரை கவலை இல்லை. 7.45க்கு ஓசூர் வந்துவிட்டது. பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி டோல்கேட்டில் வரிசை. சந்தாபுரத்தில் வரிசை. பொம்மசந்திராவில் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. எலக்ட்ரானிக் சிட்டி வரும்போது மணி 8.50. சில்க் போர்டு சந்திப்பில் வேன் நகரவே இல்லை. பக்கத்தில் போன ஸ்கூட்டர்கள்கூட நின்றுவிட்டன. பெரியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி 10.30. சீட்டுக் கொடுப்பது முடிந்திருந்தது. வியாழக்கிழமைக்கும் இடம் இல்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குப் பெயர் எழுதிக் கொடுத்தார்கள்.

பத்து நாள். கழுத்தில் கட்டியை வைத்துக்கொண்டு பத்து நாள் காத்திருப்பது எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள். மகனுக்கு ஒரு நாள் கூலி போனது. வேன் வாடகையில் வேன்காரர் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

கூட்டம் எங்கிருந்து வருகிறது?

மறுநாள் வேன்காரர் ஒரு நோட்டு வாங்கினார். பெங்களூருக்குத் தினமும் போகிறவர்களைத் தேடிப் போனார். பால் வண்டி டிரைவரைக் கேட்டார். பூ ஏற்றிப் போகிறவரைக் கேட்டார். ஓசூரில் கம்பெனி பஸ் ஓட்டும் ஒருவரைக் கேட்டார். எல்லாரிடமும் கேட்டது ஒரே கேள்வி: "எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கூட்டம் சேரும்?"

பதில்களை எழுதிக்கொண்டார். எழுதியதை என்னிடம் காட்டினார். எழுத்து கோணலாக இருந்தது. விஷயம் நேராக இருந்தது.

ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பொம்மசந்திராவிலும் இருக்கின்றன. எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள். பல தொழிற்சாலைகளில் முதல் ஷிப்டு காலை 6 மணிக்கு. ஆபீஸ்களில் வேலை 9 மணிக்கு, 9.30க்கு. பள்ளிக்கூடங்கள் எட்டு, எட்டரைக்கு. ஆபீஸ் போகிறவர், பள்ளிக்கூடப் பஸ், தண்ணீர் லாரி எல்லாம் ஒரே சாலையில்தான் வர வேண்டும். அதனால் 7.30 மணியிலிருந்து கூட்டம் ஏறுகிறது. 8.30 முதல் 10 மணி வரை உச்சம்.

திங்கட்கிழமைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பெங்களூரில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஏராளம். சனி, ஞாயிறு ஊருக்கு வருவார்கள். ஞாயிறு இரவும் திங்கள் விடியற்காலையும் திரும்பிப் போவார்கள். அதனால் மற்ற நாள்களைவிடத் திங்கட்கிழமை காலை மோசம். சென்னைக்குப் போகிறவர்களுக்கும் இது தெரியும். திங்கட்கிழமை காலை பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்த மறுநாளும் இப்படித்தான்.

ஒரு சின்னக் கணக்கு

மகனுக்கு ஒரு சந்தேகம். "ஆபீஸ் ஒன்பதரைக்குத் தொடங்கிவிடுகிறது. பத்து மணிக்கும் ஏன் கூட்டம் குறையவில்லை?"

நல்ல கேள்வி. பதிலுக்கு ஒரு கணக்குப் போடுவோம். இது புரிவதற்காகப் போடும் கணக்கு. எண்கள் நாமே வைத்துக்கொண்டவை.

வாய் குறுகிய பாட்டிலில் எண்ணெய் ஊற்றப் புனல் வைப்போம். மெதுவாக ஊற்றினால் எண்ணெய் இறங்கிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வேகமாக ஊற்றினால் புனலில் தேங்கும். சாலைச் சந்திப்பும் ஒரு புனல்தான்.

ஒரு சந்திப்பில் நிமிடத்துக்கு 60 வண்டிகள்தான் போக முடியும் என்று வைத்துக்கொள்வோம். 7.30 மணி வரை நிமிடத்துக்கு 50 வண்டிகள் வருகின்றன. ஒரு வண்டியும் தேங்கவில்லை. 7.30 மணிக்குப் பிறகு நிமிடத்துக்கு 70 வண்டிகள் வருகின்றன. நிமிடத்துக்கு 10 வண்டிகள் மிச்சம்.

8 மணிக்கு 30 நிமிடம் ஆகிவிட்டது. 300 வண்டிகள் நிற்கின்றன. கடைசி வண்டி 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். 8.30 மணிக்கு 600 வண்டிகள், 10 நிமிடம். 9 மணிக்கு 900 வண்டிகள், 15 நிமிடம். இது ஒரு சந்திப்பில் மட்டும். வழியில் இப்படி நாலு இடம் இருந்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

9 மணிக்குப் பிறகு வரத்து குறைகிறது. மறுபடியும் நிமிடத்துக்கு 50 வண்டிகள்தான் வருகின்றன. ஆனால் சந்திப்பு 60 வண்டிகளைத்தான் விடும். தேங்கியதில் நிமிடத்துக்கு 10 வண்டிதான் குறையும். 900 வண்டிகள் தீர 90 நிமிடம் ஆகும். அதாவது 10.30 மணி!

இப்போது புரிகிறதா? புதிதாக வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஏற்கெனவே தேங்கியவர்கள் இன்னும் தீரவில்லை. அதனால்தான் கூட்டம் தேங்குவதற்கு முன்பே அந்த இடத்தைத் தாண்ட வேண்டும். பத்து நிமிடம் முன்னால் வந்தவருக்கு வரிசையே இருக்காது. பத்து நிமிடம் பின்னால் வந்தவர் வரிசையில் நிற்பார்.

"அப்படியானால் வேகமாக ஓட்டிவிடலாமே" என்றார் மகன். இளவயது, அப்படித்தான் தோன்றும். வேன்காரர் அதற்கும் கணக்குச் சொன்னார். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 50 நிமிடம். 80இல் போனால் 37 அல்லது 38 நிமிடம். மிச்சம் 12 நிமிடம். அதற்காக மேலுமலைப் பக்கத்து மேட்டிலும் வளைவிலும் லாரிகளை முந்த வேண்டும். "நோயாளியை வைத்துக்கொண்டு அந்த வேலை எனக்கு வேண்டாம் தம்பி. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை வீட்டில் எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு நிமிடம் முன்னால் எழுந்தால் போயிற்று" என்றார்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

நாம் வழக்கமாக எப்படிக் கணக்குப் போடுவோம்? "ஆறரைக்குக் கிளம்பினால் எப்போது போய்ச் சேரலாம்?" என்று முன்னாலிருந்து எண்ணுவோம். வேன்காரர் இந்த முறை திருப்பிப் போட்டார். "எப்போது போய்ச் சேர வேண்டும்?" என்பதை நோட்டின் அடியில் முதலில் எழுதினார். பிறகு மேலே மேலே ஏறினார்.

சீட்டு ஜன்னல் 8 மணிக்குத் திறக்கும். அரை மணி முன்னால் இருந்தால் நல்லது. ஆகவே ஆஸ்பத்திரியில் 7.30.

சில்க் போர்டிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனால் சிக்னல்கள் உண்டு. 20 நிமிடம். ஆகவே சில்க் போர்டில் 7.10. கூட்டம் ஏறத் தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்பு! இந்த வரிக்குக் கீழே வேன்காரர் இரண்டு கோடு போட்டார். முழுத் திட்டமும் இந்த ஓர் இடத்தை நம்பித்தான் இருக்கிறது.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பொம்மனஹள்ளி வரை உயர்ந்த மேம்பாலச் சாலை இருக்கிறது. சுமார் 10 கிலோமீட்டர் நீளம். 2010 ஜனவரியில் திறந்தார்கள். தனியாகக் கட்டணம் உண்டு. அதில் போனால் கீழே இருக்கும் சிக்னல்கள் இல்லை. சில்க் போர்டு வரை 20 நிமிடம். ஆகவே எலக்ட்ரானிக் சிட்டியில் 6.50.

ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி 30 நிமிடம். ஆகவே ஓசூரில் 6.20.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், இருட்டில் நிதானமாக, ஒரு மணி நேரம். ஊரிலிருந்து கிருஷ்ணகிரி 15 நிமிடம். இதைக் கழித்தால் 5.05.

"அப்போ அஞ்சு மணிக்குக் கிளம்பலாம்" என்றார் மகன்.

மருமகள் குறுக்கிட்டார். "அத்தைக்கு வழியில் பாத்ரூம் போக வேண்டாமா? இரண்டரை மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார முடியுமா?"

ஆண்கள் இரண்டு பேரும் இதை யோசிக்கவே இல்லை. நானும் யோசிக்கவில்லை. முதல் பயணத்தில் பெரியம்மா ஏன் பேசாமல் இருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சூளகிரி தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். அங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று பூ வண்டிக்காரர் சொல்லியிருந்தார். அதற்கு 15 நிமிடம். டயர் பஞ்சரானால், மூடுபனி இருந்தால், அதற்கு 20 நிமிடம். மொத்தம் 35 நிமிடம். 5.05இல் 35 நிமிடம் கழித்தால் 4.30.

நோட்டின் உச்சியில் வேன்காரர் எழுதினார்: "வியாழன். காலை 4.30. புறப்பாடு."

முதல் நாள் இரவு

விடியற்காலைப் பயணத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. அது தூக்கம். பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை உடம்பு தூக்கம் கேட்கும். கண் திறந்தே இருக்கும். மூளை ஒரு நொடி தூங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விடும். ஆகவே புதன்கிழமை மாலை வேன்காரர் வேறு சவாரி எடுக்கவில்லை. 8 மணிக்கே படுத்துவிட்டார். சீக்கிரம் கிளம்பும் டிரைவர் சீக்கிரம் தூங்க வேண்டும். அதற்கு வழி இல்லை என்றால் சீக்கிரம் கிளம்பக் கூடாது. வேறு டிரைவரைப் பார்க்க வேண்டும். இதில் நான் கறாராகத்தான் சொல்வேன்.

டீசல் மாலையிலேயே போட்டாயிற்று. டயரில் காற்றுப் பார்த்தார். முன் விளக்கு இரண்டும் எரிகிறதா என்று பார்த்தார். இன்சூரன்ஸ், கர்நாடகத்துக்குள் போக பர்மிட், லைசென்ஸ் எல்லாம் ஒரே பையில். பாஸ்டாக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று மகன் போனில் பார்த்துச் சொன்னார். பாஸ்டாக் வேலை செய்யாவிட்டால் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் இரண்டு மடங்கு கேட்பார்கள். 2021 பிப்ரவரியில் இந்த விதி வந்தது. 2025 நவம்பர் 15 முதல் யுபிஐ மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று மாற்றினார்கள். காசு மட்டும் நஷ்டம் இல்லை. அங்கே நின்று பேசும் நேரமும் நஷ்டம்.

மருமகள் இட்லி கட்டினார். பெரியம்மாவுக்குக் கஞ்சி பிளாஸ்க்கில். டாக்டர் கடிதம், ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு மஞ்சள் பையில். அந்தப் பையை வேனின் முன் சீட்டிலேயே இரவே வைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை

4.30க்குக் கிளம்ப வேண்டும். 4.35 ஆகிவிட்டது. பெரியம்மா சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்றார். யார் தடுக்க முடியும்?

மேலுமலைப் பக்கம் மூடுபனி. வேன்காரர் விளக்கைத் தாழ்த்தி வைத்து, வேகத்தைக் குறைத்தார். பங்கில் நின்றோம். டீ குடித்தோம். ஓசூர் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிட்டது. அத்திப்பள்ளி டோல்கேட்டில் எங்களுக்கு முன்னால் மூன்று வண்டிதான். பெயர்ப் பலகைகளில் கன்னடம் எனக்குத் தெரியாது. ஆனால் கிலோமீட்டர் எண் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். வேன்காரர் எண்களைப் பார்த்து நோட்டோடு ஒப்பிட்டார். எலக்ட்ரானிக் சிட்டியில் 6.45. சில்க் போர்டில் 7.02. அங்கே சிக்னலில் ஒரே ஒரு முறை நின்றோம்.

ஆஸ்பத்திரி வாசலில் மணி 7.20.

முதல் முறை 6.30க்குக் கிளம்பி 10.30க்குப் போனோம். நான்கு மணி நேரம். இந்த முறை 4.35க்குக் கிளம்பி 7.20க்குப் போனோம். இரண்டே முக்கால் மணி நேரம். அதே சாலை, அதே வேன், அதே டிரைவர். வழியில் நின்று டீயும் குடித்திருக்கிறோம்.

பெரியம்மாவுக்கு ஆறாவது சீட்டு. டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஊசி போட்டுக் கட்டியிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 12.30க்கு எல்லாம் முடிந்தது. மகன், "பெங்களூர் வந்தாயிற்று. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாமா?" என்று இழுத்தார். வேன்காரர் நோட்டைத் திறந்தார். மாலை 5 மணிக்கு மேல் கூட்டம் நகரத்திலிருந்து வெளியே திரும்பும். ஒரு மணிக்கே கிளம்பினோம். பொழுது சாய்வதற்குள் வீடு.

மெட்ரோ ரயில் இருக்கிறதே!

இப்போது இன்னொரு வழியும் வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 10 அன்று பெங்களூரில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் பாதையைத் திறந்தார்கள். பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை சுமார் 19 கிலோமீட்டர். 16 நிலையங்கள். எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாகத்தான் போகிறது. கீழே சாலையில் வண்டிகள் நின்றாலும் மேலே ரயில் போய்க்கொண்டே இருக்கும். நடக்க முடிந்தவர்கள் ஓசூரிலிருந்து பொம்மசந்திரா வரை வந்து, அங்கே மெட்ரோ ஏறலாம். நிலையங்களில் லிப்ட் உண்டு. முதல் ரயில் எத்தனை மணிக்கு, வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையான நோயாளிக்கு வேன்தான் சரி.

சரக்கு வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய நகரங்களில் காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் லாரிகளை உள்ளே விட மாட்டார்கள். அந்த நேரம் ஊருக்கு ஊர் மாறும். நகர எல்லைப் பலகையைப் படியுங்கள். போக்குவரத்துப் போலீசிடம் கேளுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதானால் 1033க்குப் போன் செய்யலாம். விபத்து என்றால் 112 அல்லது 108.

பெரியம்மாவின் பரிசோதனை முடிவு எட்டு நாளில் வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். இப்போது சோறு சாப்பிடுகிறார், மெதுவாக. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்க வேண்டும். "ஏப்பா, நம்ம நோட்டைப் பார்த்துச் சொல்லு, எத்தனை மணிக்கு எழுந்திருக்கட்டும்?" என்று பெரியம்மாவே வேன்காரரைக் கேட்கிறார்.

கணக்குப் போடுங்கள்

ஓசூரில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பெங்களூரில் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு வேலைக்கான நேர்காணல். இடம் சில்க் போர்டுக்குப் பக்கத்தில். கூட்டம் இல்லாத நேரத்தில் காரில் 50 நிமிடம் ஆகும். 7.30க்குப் பிறகு அதே தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். அவர் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? பின்னாலிருந்து எண்ணி எழுதுங்கள். சீக்கிரம் போய்விட்டால் மிச்ச நேரத்தில் எங்கே உட்காருவார்? அதையும் எழுதுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து பக்கத்துப் பெரிய நகரத்துக்குப் போகும் சாலையில் கூட்டம் சேரும் இடம் எது? எத்தனை மணிக்குச் சேருகிறது? பால்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் கேட்டு, அடுத்த வகுப்புக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்.